நாற்பத்தோராம் வாரம்

பாய லேபார் சந்திப்பு. மழை விட்டு ஐந்து நிமிடம்.
வெள்ளைக் கோட்டின் மேல் பின்சக்கரம்
ஒரு முழம் விலகி
தானே திரும்பி வந்தது.
விழவில்லை. அவ்வளவுதான் நடந்தது.

ஊபி பட்டறையில் பூன் கியாட் குந்தி உட்கார்ந்து
கட்டைவிரல் நகத்தை ரப்பரில் அழுத்துகிறார்.
தடம் விழவில்லை.
வரி இன்னும் ஆழமாகத்தானே இருக்கிறது என்கிறேன்.
மலாயில் அந்த வரிகளுக்குப் பூ என்று பெயர்.
"பூ இருக்கு, ரப்பர் செத்துப்போச்சு."

பக்கவாட்டில் நான்கு எண்கள், சேறு துடைத்தால் தெரியும்:
நாற்பத்தோராம் வாரம், பதினேழு.
தீபாவளிக்கு முந்திய வாரம்.
எங்கோ ஒரு அச்சில் இது வெந்துகொண்டிருந்தபோது
நான் என்ன செய்துகொண்டிருந்தேன்?
ஒன்றும் நினைவில்லை.
பாலம் மூடிக் கிடந்த இரண்டு வருடம்
புளோக்கின் கீழே தார்ப்பாய்க்குள் நின்றது வண்டி.
ஓடாததும் தேய்மானம்தான் போல.

மூன்று டயர்களை எடுத்துப் போடுகிறார்.
மலிவானது.
இருபதாயிரம் கிலோமீட்டர் உழைக்கும் கெட்டியானது.
மூன்றாவது மிருது; மழையில் பிடிக்கும், சீக்கிரம் கரையும்,
விலை கேட்டு ஹெல்மெட்டைக் கை மாற்றினேன்.

சி.ஓ.இ. முடியப் பதினொரு மாதம்.
மலிவே போதும் என்கிறது கணக்கு.
மூன்றாவதன் மேல் நகத்தை வைத்தேன்.
பதிந்தது, பிறை மாதிரி.

பழையதை அவர் குவியலில் எறிந்தபோது
விறகு விழுந்த சத்தம்.

"நூறு கிலோமீட்டர் மெதுவாப் போ,
புதுசும் வழுக்கும்."

பிடோக் வரை இடது ஓரமாகவே வந்தேன்.
சிமென்ட் லாரிகூட முந்திப் போனது.