பதினெட்டுக்குப் பன்னிரண்டு

உரக்கடை கேலண்டரில் போன மாதத்தைக் கிழித்து
அதன் முதுகில் போடுகிறேன் கணக்கை.
நீளம் பதினெட்டடி, அகலம் பன்னிரண்டடி,
கனம் நாலு அங்குலம்.
லேத் உட்காரும் ஆறுக்கு நாலில் மட்டும் எட்டு.
ஆக எண்பது கன அடி காங்கிரீட்.
சிமெண்ட் பதினெட்டு மூட்டை,
எப்படியும் நனைந்து கட்டியாகும் ஒன்றையும் சேர்த்துப்
பத்தொன்பது.

வில்பட்டிவரை எல்லாம் ஏறி வரும்.
என் வீட்டுக்கு வராது.
சர்ச் வளைவில் கொட்டிவிட்டு லாரி திரும்பிவிடும்.
அப்புறம் காசிமாயனின் இரண்டு குதிரைகள்,
பூண்டு இறக்கிய அதே சாக்குகளில்
எம்-சாண்டும் முக்கால் ஜல்லியுமாய்
அறுபது நடை.
"ஈர மணல்னா குதிரை பாதிதான் தூக்கும்க்கா,
பத்து நடை கூடவே எழுதிக்குங்க."
எழுதிக்கொண்டேன்.

கணபதியில், பம்பு கம்பெனியில்,
பதினோரு வருஷம் நானே ஓட்டிய லேத்.
மூடும்போது எடைக்குப் போட இருந்தார்கள்.
எண்ணூறு கிலோ. அட்வான்ஸ் கொடுத்தாயிற்று.
அதைக் கழற்றி எட்டுப் பேர் எப்படித் தூக்கி வருவது
என்பது வேறு தாள்.

அங்கே நான் நின்றது சுவரைப் பார்த்து.
அதனால் இங்கே கீழ்ப்பக்கம் ஜன்னல் வைத்து
ஜன்னலடியில் லேத்தை வரைந்திருந்தேன்,
கேரட் பாத்திகள், அதற்கும் கீழே மேகம்.

சிலுவைமுத்து மேஸ்திரி தாளைப் பார்க்கவில்லை.
கடப்பாரையை எடுத்தார்.
மேல்பக்கம் ஒரு சாணில் ணங்கென்று நின்றது.
கீழ்ப்பக்கம்
எதுவும் கேட்காமல் முழங்கை ஆழம் இறங்கியது.
"பாதி வெட்டுன மண்ணு, பாதி கொட்டுன மண்ணு.
இங்கதான பேரி மரம் நின்னுச்சு?
வேரைத் தோண்டலையே.
வேர் மக்கும், உள்ள பொந்து விழும்,
உங்க தரை பாலமாத்தான் நிக்கும்.
கனத்தையெல்லாம் பாறைப் பக்கம் தள்ளிருங்க."

ரப்பர் இல்லை. எச்சில் தொட்டு அழித்தேன்.
லேத் மறுபடி சுவரைப் பார்த்தபடி.
ஜன்னல் அரம் போடுகிற மேசைக்கு.
போகட்டும், அரம் போடவும் வெளிச்சம் வேண்டும்.

பிறகு பேசியவை:
வேரைத் தோண்டி, ஒரு சாண் ஒரு சாணாய்
மண் போட்டுத் திமிசு அடிப்பது.
ஊற்று ஏறாமல் பாலித்தீன் விரிப்பது.
வயர் குழாய் முதலிலேயே பதிப்பது,
அப்புறம் நினைத்தால் உளிதான்.
போல்டுக்கு நாலு குழி.
கழுவுகிற தண்ணீர் வாசலுக்கு ஓட
அரை அங்குலம் வாட்டம்.
"லேத்துக்கு அடியில வாட்டம் ஆகாது" என்றேன்.
"ஆளுக்கும்தான் ஆகாது" என்று சிரித்தார்.

வெட்டிய மண் முடிந்து கொட்டிய மண் தொடங்கும் இடத்தில்
குறுக்கே ஒரு கோடு கீறச் சொன்னார்,
போட்ட மறுநாளே, ஒரு அங்குல ஆழத்துக்கு.
புதுத் தரையை யாராவது கீறுவார்களா?
"எப்படியும் விரியும்மா. அது இஷ்டத்துக்கு விரியறதா
நம்ம கோட்டுல விரியறதா, அவ்வளவுதான்."

சாயங்காலம் சுண்ணாம்புத் தூளில் அளவு கோடு போட்டேன்.
இல்லாத லேத்தின் முன் நின்றேன்.
இடது கை சக்குக்குப் போனது,
வலது கை கைப்பிடிக்கு.
பின்னால் வைத்த இடுப்புக்கு இடமில்லை.
லேத்தை ஒன்றரை அடி நகர்த்தினேன், காலால்,
தூளைத் தேய்த்து.
அடுத்த வீட்டு ஜெபமணி வேலிக்கு அப்பால் நின்று
பார்த்துக்கொண்டே இருந்தாள்.
"யாருகூட பேசறீங்க?"
"நீளமான கம்பி போட்டா கதவுல இடிக்குமான்னு பாக்கறேன்."

ராத்திரி மழை.
காலையில் கோடு ஒன்றும் இல்லை.
கீழ்ப்பக்கம் மட்டும் தண்ணீர் தேங்கியிருந்தது,
பேரி மரம் இருந்த அளவுக்கு வட்டமாய்.
குச்சியை விட்டுப் பார்த்தேன்,
இரண்டு விரற்கடை.

தாளில் இடமில்லை.
இந்த மாதத்தையும் கிழிக்கலாமா என்று பார்த்தேன்.
இன்னும் பன்னிரண்டு நாள் இருக்கிறது.
ஓரத்தில் பொடியாய் எழுதினேன்:
காசிமாயன், இன்னும் ஏழு நடை.