சைஸ் சார்ட்

பல்லடம் ரோட்டு லேபில் வாங்கியபோது
காகிதம் இன்னும் சூடாக இருந்தது.
லிம்போசைட் அறுபத்திரண்டு,
பக்கத்தில் ஒரு நட்சத்திரம்.
குத்தின இடத்துப் பஞ்சை
யாழிசை எடுக்கவே விடவில்லை.
டவுன் பஸ்ஸில் போனைத்
திறந்து திறந்து மூடினேன்.

"இது பெரியவங்க அளவுங்க, துளசிமணி.
ரெண்டு வயசுக்கு இவ்வளவு இருக்கும்."

பனியன் கம்பெனியில்
பதினோரு வருசமாகச் செக்கிங்.
எக்ஸ்எல் சார்ட்டில்
குழந்தைச் சட்டையை அளந்து
ரிஜெக்ட் பெட்டியில் போட்டதில்லை.
நேற்று ராத்திரி முழுக்க
அதைத்தான் செய்திருக்கிறேன்.

எழுந்தேன்.
"உக்காருங்க."
டாக்டரின் பேனா மேலே போய்
ஹீமோகுளோபினில் நின்றது.
எட்டு புள்ளி நான்கு.
"இது எந்த சைசுக்கும் பத்தாது."
அங்கேயும் ஒரு நட்சத்திரம்,
நான் பார்க்காதது.

இரும்புச் சொட்டு மூன்று மாதம்.
பல் கறுக்குமாம்,
அதுக்குப் பயந்துக்க வேண்டாமாம்.