ஏழு மீட்டர்

ரிச்சி தெருவில் முதல் கேள்வி சுலபம்:
"கரண்ட் போனா என்னென்ன ஓடணும்?"

நாலு ஃபேன், ஆறு லைட், ஒரு டிவி என்று
மளிகைச் சீட்டு மாதிரி ஒப்பித்தேன்.
பிரபா என் முழங்கையைத் தொட்டாள்.
"ஃபிரிட்ஜ்" என்றாள்.
"கதவுத் தட்டு மட்டும் போதும்."

தட்டை மட்டும் குளிர வைக்கிற பேட்டரி
எங்கும் இல்லை என்று சொல்லாமல்
ஷௌகத் பாய்
கால்குலேட்டரில் இருநூறு கூட்டினார்.
இன்சுலின் என்று நாங்களும் சொல்லவில்லை.

டியூபுலர், ஐம்பத்தைந்து கிலோ.
மூன்று மாதத்துக்கொரு முறை தண்ணீர் கேட்கும்,
அதுவும் டிஸ்டில்டு வாட்டர்.
லாரித் தண்ணீர் குடிக்கிற எங்கள் வீட்டில்
அப்படியொரு உசத்தியான வாய்.
லித்தியம் இருபது கிலோ, எதுவும் கேட்காது.
அதன் விலையை ஒருமுறை கேட்டவர்
மறுமுறை கேட்பதில்லை.

"வீடு எங்கே?"
மடிப்பாக்கம் என்றதும் பேனாவைக் கீழே வைத்தார்.
"எது வரைக்கும் ஏறுச்சு?"

சர்க்கரையைத்தான் டாக்டர் இப்படிக் கேட்பார்.
பிரபா தன் தொடையில் கைவைத்துக் காட்டினாள்.
"அப்போ சுவத்துல மாட்டுறதுதான்."
நான் ஒரு மாதம் படித்து வைத்திருந்த ரசாயனம்
அதோடு முடிந்தது.

ஆனால் பேட்டரி என்பது ஒரு ராத்திரி.
அந்த டிசம்பரில் எங்களுக்கு வாய்த்தது நாலு.

கைப்பிடி வைத்த சிவப்புப் பெட்டியைத் தட்டினார் பாய்.
"சத்தமே வராது சார். ஐம்பத்தஞ்சு டெசிபல்.
ஏழு மீட்டர் தள்ளி நின்னு கேட்டா."

வீட்டுக்கு வந்ததும் பிரபா டேப்பை எடுத்தாள்.
மொட்டை மாடியில், தகரம் அடித்த மூலையில்
நுனியை நான் மிதித்துக்கொண்டேன்.
தண்ணீர்த் தொட்டி, இரண்டு மீட்டர்.
துணிக்கொடி, மூன்று.
கைப்பிடிச் சுவர், மூன்றரை.
அதற்கப்புறம் எங்கள் வீடு இல்லை.

சுவரில் வயிறு அழுந்தக் கவிழ்ந்து
சந்துக்கு மேலே டேப்பை நீட்டினாள்.
ஆடி, வளைந்து,
ஜெசிந்தா டீச்சரின் ஜன்னல் கம்பியில்
டிங் என்று இடித்தது.
ஐந்தே முக்கால்.
மிச்சம் ஒன்றேகால் அந்த அறைக்குள்ளே.
கட்டிலின் தலைமாடு.

ஆக, ஜெனரேட்டரின் அமைதியை
அளந்து சொன்ன இடம்
அடுத்தவர் தலையணை.

ஜன்னல் திறந்தது. கையில் சிவப்புப் பேனா,
பாதி திருத்திய விடைத்தாள்.
"என்ன அளக்குறீங்க?"

பிரபாவுக்குப் பொய் வராது. சொன்னாள்.
டீச்சர் டேப்பின் முனையைப் பிடித்தபடி
கொஞ்ச நேரம் பேசவில்லை.
"நாலாம் நாள் ராத்திரி பின் தெருவுல
யாரோ ஜெனரேட்டர் போட்டாங்களே,
மணல் லாரி மாதிரி.
அதைக் கேட்டப்புறம்தான் எனக்குத் தூக்கமே வந்துச்சு.
யாரோ இருக்காங்கன்னு."

நான் அந்த ராத்திரி முழுக்க
அந்த வீட்டைத் திட்டிக்கொண்டிருந்தேன்.
சத்தத்துக்காக என்றுதான்
இதுவரை நினைத்திருந்தேன்.
எங்கள் பக்கத்தில்
ஐஸ் உருகிய டிபன் பாக்ஸில்
மூன்று ஊசி மருந்து மிதந்துகொண்டிருந்தது.

"ஒரு பிளக் இந்தப் பக்கம் விடுங்க" என்றார்.
"செல்லுக்கும் ஒரு லைட்டுக்கும். பெட்ரோல்ல பாதி என்னுது."
டேப்பை விட்டார்.
அது சர்ரென்று சந்தைத் தாண்டி வந்து
பிரபாவின் விரலைக் கீறியது.

மாதம் ஒருமுறை பத்து நிமிடம் ஓட்டணும்,
இல்லாவிட்டால் அடைத்துக்கொள்ளும் என்றிருந்தார் பாய்.
அதனால் முதல் ஞாயிறு, பதினொரு மணி,
பூசை முடிந்து டீச்சர் வந்தபின்.
கயிற்றை இழுத்தேன். மூன்றாவது இழுப்பில் பிடித்தது.
துணிக்கொடியோடு கட்டிய ஒயர்
இரண்டு கிளிப்புகளை ஆட்டிக்கொண்டு
அந்தப் பக்கம் போகிறது.

ஜன்னலில் காதை வைத்து நின்றவர்
கொஞ்சம் ஏமாந்த குரலில் கேட்டார்:
"ஓடுதா?"

கீழே பிரபா ஃபிரிட்ஜைத் திறந்து
கதவுத் தட்டில் விரலை வைத்துப் பார்த்தாள்.
மூடினாள்.
இன்னொரு தடவை திறந்தாள்.