ஈரப்பதம்

நாற்பது கிலோ மூட்டைகளுக்கு
நாளெல்லாம் ரசீது எழுதுகிறவன்
ஒரு கை சோற்றுக்குக் கணக்குப் பார்க்கிறேன்.

சட்டைப் பையில் தூசி, கழுத்து மடிப்பில் சுனை,
வீட்டுக்குப் போனாலும் மூக்கை விட்டுப் போகாத
வெயில் குடித்த நெல்லின் வாசம்.

"சோத்தைக் குறைங்க" என்றார் டாக்டர், தை மாதத்தில்.
ஜன்னலுக்கு வெளியே அடிவானம்வரை சம்பா.
எதைப் பார்த்துக்கொண்டு குறைப்பது என்று கேட்டேன்.
அவர் சிரிக்கவில்லை.
ரிப்போர்ட்டில் ஒன்பது புள்ளி நாலைச் சுற்றி
வட்டம் போட்டார்.

இது மூன்றாவது தொடக்கம்.
முதலாவது ஆடிப்பெருக்குவரை தாங்கியது.
புளி, எலுமிச்சை, தேங்காய் என்று மூன்று தூக்கு.
ஆறு அன்றைக்கு இடுப்பளவுதான்;
நான்தான் கரை உடைந்தேன்.
இரண்டாவது எதற்கு முடிந்ததென்றே சொல்லத் தெரியவில்லை.
ஒரு செவ்வாய்க்கிழமை. தூறல்.
வடித்த கஞ்சியில் உப்புப் போட்டு ஒரு லோட்டா.
அப்புறம் யாரும் தடுக்கவில்லை,
நானும்.

நஜ்முதீனைப் பார்த்தது மாத்திரை வரிசையில்.
மன்னார்குடி பெரியாஸ்பத்திரி, காலை ஏழரை,
வெறும் வயிற்றில் ரத்தம் கொடுத்துவிட்டு
முழங்கை மடிப்பில் பஞ்சை இறுக்கியபடி இருவரும்.
"என்ன வேலை?" என்றேன்.
"கூத்தாநல்லூர்ல பரோட்டா மாஸ்டர். நீங்க?"
"நெல்லு கொள்முதல்ல பில் எழுதுறேன்."
வரிசை மொத்தமும் திரும்பிப் பார்க்கச் சிரித்தோம்.

ஒப்பந்தம் அங்கேயே ஆயிற்று.
ஆசை வந்தால் மிஸ்டு கால்.
மற்றவர் திருப்பிக் கூப்பிட வேண்டும்.
அறிவுரை கூடாது.
கொள்ளு, வெந்தயம், கேழ்வரகு
இந்த மூன்று சொல்லுக்கும் தடை.
பத்து நிமிஷம் வேறெதையாவது பேசுவது.
பத்து நிமிஷத்தில் பசி போகாது,
பசி மாதிரி வந்தது போய்விடும்.

புரட்டாசி. இரவு பதினொன்று.
செங்கமலம் நீர் ஊற்றி வைத்த சோறு
அடுப்படி இருட்டில் என் பெயரைச் சொல்லிற்று.
மூடிய தட்டை நகர்த்திவிட்டேன்.
நனைந்த விரலோடுதான் போனை எடுத்தேன்.
அந்தப் பக்கம் கல்லைச் சுரண்டும் சத்தம்.
"இன்னிக்கு எத்தனை மூட்டை?"
"அறுநூத்திப் பத்து."
"லாரி வந்துச்சா?"
"எங்க? தார்ப்பாய் வேற ரெண்டு கிழிசல்."
"மழை?"
"வடுவூர்ப் பக்கம் மின்னுது பாய்."
பிறகு அவர் மகளின் ஸ்கூட்டி பஞ்சரானதை
நாலு வாக்கியத்தில் முடிவதை
நாற்பதாக்கிச் சொன்னார்.
தட்டை எப்போது திரும்ப மூடினேன் தெரியாது.

எல்லா இரவும் இப்படி இல்லை.
ஒரு வளைகாப்பில் ஏழு வகைச் சோற்றையும் தின்றுவிட்டு
இரண்டு நாள் போனை எடுக்காமல் இருந்தேன்.
மூன்றாம் நாள் எடுத்தேன். "விழுந்துட்டேன்."
கொஞ்ச நேரம் கல் சத்தம் மட்டும்.
"நெல்லுல ஈரம் பதினேழுக்கு மேல இருந்தா
என்ன சொல்லுவீங்க?"
"காய வச்சு நாளைக்குக் கொண்டாங்கம்போம்."
"கொட்டிடச் சொல்ல மாட்டீங்க?"
"நெல்லை யாராவது கொட்டுவாங்களா?"
"..."
"பாய், இது அறிவுரை."
"கேள்விதானே கேட்டேன்."

நேற்று ஒரு மணிக்கு என் போன்
ஒருமுறை அதிர்ந்து நின்றது.
தூக்கக் கலக்கத்தில் திருப்பிக் கூப்பிட்டு
கேட்கக்கூடாததைக் கேட்டுவிட்டேன்:
"இன்னிக்கு எத்தனை பரோட்டா?"
"முந்நூறு வீசுனேன்.
இருநூத்தித் தொண்ணூத்தொம்போது வித்துச்சு."
"அந்த ஒண்ணு?"
"அதுக்குத்தான் கூப்பிட்டேன்.
ஓரம் மொறுமொறுன்னு இருக்கு."

எழுந்து உட்கார்ந்தேன்.
லாரி வந்துவிட்ட கதையைத் தொடங்கினேன்.
டிரைவர் பெயர், நம்பர், டயர் எத்தனை வழுக்கை,
எந்தச் சுமைக்காரர் எந்தத் தோளில் துண்டு போடுவார் எல்லாம்.
கூத்தாநல்லூரில் ஷட்டர் இறங்கும் சத்தம் கேட்கும்வரை
ஒவ்வொரு மூட்டையாக
ஏற்றிக்கொண்டிருந்தேன்.