பின் இடது

ஊசி எடை பார்க்கத் தராசு கேட்டு
தெற்காவணி மூலவீதி நகைக்கடைக்குப் போன முதல் ஆள்
நான்தானாம்.
'பவுனா' என்றார். 'வைரம்' என்றேன்.
'ஊசியோட எடை இல்லண்ணே,
ஊசி எறங்கி உட்கார்ற எடை.'
ஒரு மாதிரி பார்த்துவிட்டு
ஞாயிறு மட்டும் என்று சொல்லித் தந்தார்.

முனிச்சாலையில் பத்துக்குப் பன்னிரண்டு அறை.
நாலு மூலைக்கும் நாலு ஸ்பீக்கர்,
நடுவில் நானும் ஒரு பிளாஸ்டிக் நாற்காலியும்.
ஜப்பான்காரன் வளைத்த கை,
எஸ் எழுத்தை இழுத்து நீட்டியது போல.
பின்பாரத்தைத் திருகத் திருக
மூக்கு தூக்கும், வால் தூக்கும்,
ஒரு திருகலில்
எந்தப் பக்கமும் சாயாமல் காற்றில் நிற்கும்.
அங்கிருந்துதான் எண்ண வேண்டும்,
ஒன்று, ஒன்றேகால்,
ஒன்றே முக்கால் கிராம்.

தட்டு சுழன்றால் கை நடுவுக்கே ஓடப் பார்க்கும்.
வெளியே பிடித்திழுக்க
நூலில் தொங்கும் ஒரு குன்றிமணிப் பித்தளை.
பழைய நூல் இற்றுவிட்டது.
பக்கத்து வீட்டு ருக்மாபாயிடம்
சுங்குடி முடிச்சு நூல் ஒரு சாண் வாங்கிக் கட்டினேன்.
எதற்கு என்று அவர் கேட்கவில்லை.

பின்னால் ஒலிக்கும் இரண்டும்
தட்டில் ஒளிந்திருப்பது
மகால் தூண் வௌவாலுக்கு மட்டும் எட்டும் ஒரு கீச்சில்.
ஊசி அதைத் தொட்டால்
பெட்டியில் சிவப்பு விளக்கு எரியும்.
தொட்ட அளவுக்குத் தேயவும் தேயும்.

நாலு தடத்தில் என்னிடம் இருப்பது ஒரே ஒரு தட்டு,
ஏதோ ஊர் அரங்கில் பிடித்த கச்சேரி.
முன்னால் பியானோ, எக்காளம்.
பின்னால் சனம்.

மூன்றாம் வாரம் வாசலில் ருக்மாபாய்.
சண்டைக்குத்தான் என்று
முன்கூட்டியே மன்னிப்பைத் தயார் செய்தேன்.
'ராத்திரி ஒம்போதரைக்கு
உங்க வீட்ல யாருக்கு சார் கைதட்றாங்க?'

நடுச்சுவருக்கு அந்தப் புறம் அவர் தையல் மெஷின்.
இந்தப் புறம் பின் இடது.
பியானோ போகவில்லை, எக்காளம் போகவில்லை,
செங்கல்லில் கசிந்தது அது மட்டும்.
'நைட்டி ஒண்ணு முடிச்சு நூலக் கடிப்பேன்,
சொல்லி வச்ச மாதிரி தட்றாங்க.
பீஸுக்கு ஒம்போது ரூவா.
அதுக்குப் போயி இம்புட்டா?'

தடம், அலை, வௌவால் என்று
விளக்க வாயெடுத்தேன்.
பிறகு, 'தொந்தரவா இருக்கா' என்று மட்டும் கேட்டேன்.
'இருந்துட்டுப் போகட்டும்' என்றார்.

அன்றைக்கே அந்த ஸ்பீக்கரைச்
சுவரோடு ஒரு சாண் தள்ளி வைத்தேன்.
என் நாற்காலிக்கு இப்போது நாலு மூலையும் சரியில்லை.
தட்டைக் காப்பாற்றுகிறவன்
மாதம் ஒருமுறை போடுவான்.
நான் தினமும் போட்டேன்.

நேற்று இரண்டாம் பக்கத்தில்
சிவப்பு விளக்கு அணைந்து அணைந்து எரிந்தது.
சுவரில் கத்தரிக்கோல் காம்பால் இரண்டு தட்டு.

'சார்,
இன்னிக்குக் கூட்டம் கம்மி.'