பதினோரு விநாடி

தார்த்து வானொலி நிலையம், இரவு ஒன்பதரை.
நாவலாசிரியை ஹெல்வே கூஸ்க்கை
இருபத்தெட்டு நிமிடத்துக்குள் நான் அடக்க வேண்டும்.

'ம்'களை வெட்டினேன். இருமலை வெட்டினேன்.
பதிப்பாளருக்கு அவர் சொன்ன நன்றியை
இரக்கமில்லாமல் வெட்டினேன்.

கடைசி அத்தியாயத்தில் அந்தத் தாய்
ஏன் கதவைத் திறக்கவில்லை என்று
உர்மாஸ் கேட்ட இடம் வந்தது.

பதினோரு விநாடி.
நாற்காலி ஒருமுறை முனகுகிறது.
கோப்பையைத் தொட்டு, எடுக்காமல் விடும் விரல்.
பிறகு:
"தெரியவில்லை. பதினேழு முறை எழுதினேன்.
ஒருமுறைகூட அவள் எழுந்திருக்கவில்லை."

வெட்டக் கை வரவில்லை.

மறந்தே போனேன்.
பத்து விநாடி சத்தமில்லையென்றால்
நிலையம் செத்துவிட்டதென்று நினைக்கும் இயந்திரம் ஒன்று
மாடியில் இருக்கிறது.
நாற்காலி முனகலெல்லாம் அதன் காதில் ஏறாது.

ஞாயிறு மாலை, நாடே கேட்க,
அந்த மௌனத்தின் கழுத்தில் ஏறி உட்கார்ந்தது
ஓர் அக்கார்டியன் வால்ட்ஸ்.
பதில் அதற்கடியில் போயிற்று.

உர்மாஸ் மூன்று நாள் என்னோடு பேசவில்லை.
ஹெல்வே தொலைபேசியில் சிரித்தார், கொஞ்சம் அதிகமாகவே.

சாரேமா தீவிலிருந்து ஓர் அஞ்சலட்டை:
"கதவு திறக்காத இடத்தில் வந்த இசை,
அதன் பெயர் என்ன?
என் மனைவி அடுப்பை அணைத்துவிட்டுக் கேட்டாள்."

தேடிக்கொண்டிருக்கிறேன்.
ஒலிநாடா உறையில்
'அவசரத்துக்கு' என்று மட்டும் இருக்கிறது.