லொட் இலக்கம் நாற்பத்தொன்று

டூப்ளிகேஷன் ரோட்டில் ஞாயிறு ஏலம்.
மழைக்கோட்டைக் கழற்றாமலே
கடைசி வரிசையில் நான்.
"பிரெஞ்சுக்காரர் இதை ப்ஸிஷே என்பார்கள்,
ஆன்மா என்று அர்த்தம்"
என்றார் ஏலக்காரர், தொண்டையைச் செருமி.
ஆன்மாவின் ஆரம்ப விலை
எண்பதாயிரம்.

மஹோகனித் தூண் இரண்டு.
உச்சியில் பித்தளைச் சாடி.
தூணுக்கொரு அன்னம்,
ஒன்றுக்குத் தலை இல்லை.
அதைக் கண்டுதான்
முத்துமாலைப் பெண்மணி கையை இறக்கினாள்.
நான் இறக்கவில்லை.
பதினெட்டு மாதச் சீட்டுக்காசு
அந்தக் கையில் இருந்தது.

வெள்ளவத்தையில் எங்கள் லிஃப்ட்
நான்கு பேருக்கு; மெலிந்த நான்கு பேருக்கு.
ஆகவே படி. ஐந்து மாடி.
கொம்பனித்தெரு ரஸீனும் அவன் மச்சானும்
மயங்கி விழுந்தவளைத் தூக்குவதுபோல் தூக்க,
திருப்பத்துக்குத் திருப்பம்
அது எதையாவது உள்ளே எடுத்துக்கொண்டது.
இரண்டாம் மாடியில் மீன் கழுவிய வாளி.
மூன்றில், பல் துலக்கியபடி கதவைத் திறந்த
கணக்காளர் அருளம்பலம்
தன்னை முழுசாகக் கண்டு
சாரத்தை இழுத்துக் கட்டினார்.
நான்காவதில் ரஸீன் இறக்கி வைத்துத்
தலைமயிரைக் கோதினான்.
"அக்கா, இதுக்குள்ள நான் கொஞ்சம் உசரம்."

அளவுப் புத்தகத்தில் எழுதினேன், பழக்கதோஷம்:
உயரம் ஆறடி இரண்டங்குலம்.
தோள் இருபத்தேழு.
இடுப்பு இல்லை.
பெயருக்கான கோட்டை அப்படியே விட்டேன்.

இடப்பக்கத்துத் திருகாணி தேய்ந்துவிட்டது.
நிமிர்ந்து நிற்கும், ரயில் வரும்வரை.
கரையோர ரயில் போனால்
மெல்லக் குனியும்:
முதலில் நெற்றி போகும்,
பிறகு வாய், பிறகு கழுத்து.
குவாரி வீதி முழுக்க அலைந்தேன்.
இந்தப் புரிக்கு ஆணி
இந்த நாட்டிலேயே இல்லையாம்.
நூறாம் இலக்க பஸ் டிக்கெட்டை
நான்காய் மடித்துச் செருகியிருக்கிறேன்.

செவ்வாய் மாலை ஃபர்வீன் வந்தாள்,
தாயோடு.
பாதி தைத்த தந்தநிறக் கவுணுக்குள்
ஊசிக்குப் பயந்து மூச்சை அடக்கி நின்றாள்.
பாதரசம் கிழடுதட்டிய கண்ணாடி;
யாரையும் ஒரு பிடி மங்கலாய்த்தான் தரும்.

"பிள்ளை கறுப்பாத் தெரியுறாளே" என்றாள் தாய்.
"கண்ணாடி பழசுதானே?"

பழசு என்று சொல்லியிருக்கலாம்.
வாயில் நான்கு குண்டூசி.
ஒவ்வொன்றாய் எடுத்து மடிப்பில் குத்தி முடித்து,
"சரியாத்தான் காட்டுது" என்றேன்.

ஃபர்வீன் ஒன்றும் பேசவில்லை.
கையைத் தூக்கி, முழங்கையைத் திருப்பி
அதன் நிறத்தைப் பார்த்தாள்,
கடையில் துணி பார்ப்பதுபோல் அல்ல;
வாங்கிவிட்ட துணியைப் பார்ப்பதுபோல்.

ஐந்து நாற்பது ரயில்.
டிக்கெட் நழுவி விழுந்தது.
ஓம் என்பதுபோல்
ஒரு தலையசைப்பு.
தாயின் முகம் போயிற்று, மகளின் முகமும்.
மிஞ்சியவை நான்கு பாதங்கள்,
என் இரண்டு முழங்கால்,
சிதறிய நூல்.

கவுண் இடப்பக்கம்
ஒரு அங்குலம் நீளம்.
அப்போதுதான் கண்டேன்.